பினாங்கு நாள்குறிப்பு: கூரையிலிருந்து கீழே

வெள்ளி, இரவு

காலையில் கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறி, மத்தியானம் பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெர்ரியில் தீவுக்கு வந்து சேர்ந்தேன். பாலம் வழியாகப் பஸ்ஸில் வருகிறவர்கள் நிறைய. பழைய கட்டடங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு என் யோசனை, ஃபெர்ரியிலேயே வாருங்கள். தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் முகப்பு முழுவதும் தண்ணீரிலிருந்து தெரியும். முதலில் கண்ணில் பட்டது விஸ்மா கஸ்தாமின் வெள்ளைக் கடிகாரக் கோபுரம். பேருக்கேற்றபடி இன்று சுங்கத் துறையின் கட்டடம், கட்டிய காலத்தில் ரயில்வேயின் கட்டடம். எதிரே உள்ள நிலப்பரப்பில் ஓடிய ரயிலுக்குப் பயணிகள் இங்கே டிக்கெட் வாங்கி, படகில் அக்கரை போய் ஏறியிருக்கிறார்கள்.

எதற்காக வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பழைய அரசுக் கட்டடங்களை நிலை ஆய்வு செய்து அறிக்கை தயாரிப்பதும், அதை வைத்து அடுத்த ஆண்டுப் பராமரிப்புப் பட்டியல் போடுவதும்தான் கோலாலம்பூரில் என் வேலை. நிலை ஆய்வு என்றால் கட்டடத்தின் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து, என்ன கெட்டிருக்கிறது, ஏன் கெட்டது, எவ்வளவு அவசரம் என்று எழுதுவது. இந்தப் பயணம் அலுவலகச் செலவு இல்லை. லீவு போட்டு, என் காசில் வந்திருக்கிறேன். 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறிய ஊர் இது. மையப் பகுதி மட்டுமே 109 ஹெக்டேருக்கு மேல். இத்தனை பழைய கட்டடங்கள் ஒரே இடத்தில் நெருக்கமாக நிற்கும்போது, எது எப்படிக் கெடுகிறது என்பதை நடந்தே பார்த்துவிடலாம்.

தங்கியிருப்பது ஆயர் ஈத்தாமில், மாமா வீட்டில். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பொதுப்பணித் துறையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நாளைக்குக் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். "காலையில ஏழு மணிக்கே கிளம்பணும்மா, வெயில் ஏறிட்டா மேல பார்க்க முடியாது" என்றார். சரி, தூங்குகிறேன்.

சனி

ஏழு மணிக்கு எஸ்பிளனேடில் நின்றோம். திடலை ஒட்டி டவுன் ஹால், அதற்குப் பக்கத்தில் சிட்டி ஹால். டவுன் ஹால் 1880களின் தொடக்கத்தில் வந்தது, சிட்டி ஹால் 1903இல் முடிந்தது. சிட்டி ஹாலில் இன்னும் மாநகராட்சி வேலை நடக்கிறது. ஒரு பழைய கட்டடத்துக்குக் கிடைக்கக்கூடிய நல்ல விஷயம் அதுதான் என்று நான் நம்புகிறேன். தினமும் ஆள் உள்ளே போய் வந்தால், கூரை ஒழுகிய அன்றைக்கே ஒருவர் வாளி வைப்பார், இன்னொருவர் புகார் எழுதுவார். பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் அதே ஒழுக்கு மூன்று வருஷம் ஒழுகும்.

மாமா பைனாகுலரை வாங்கி முதலில் கூரை விளிம்பைத்தான் பார்த்தார். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வதும் இதே வரிசைதான். கூரை, அதன் விளிம்பில் ஓடும் தண்ணீர்க் கால்வாய், இறங்கு குழாய், பிறகு சுவர், கதவு ஜன்னல், கடைசியில் தரை. வெளியே முழுச் சுற்று முடித்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே தெரியும் கறைக்குக் காரணம் பெரும்பாலும் வெளியே, அதுவும் தலைக்கு மேலே இருக்கும். பினாங்கில் வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அத்தனை தண்ணீரும் அந்தக் கால்வாய் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். ஒரு இடத்தில் இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் வழிந்து சுவர் உச்சியில் இறங்கும். உத்திரத்தின் முனை சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான். வெளியே பார்த்தால் மரம் நன்றாக இருக்கும், சுவருக்குள் இருக்கும் ஒரு சாண் மட்டும் உளுத்துப் போயிருக்கும்.

"நாங்க ஊசி வெச்சுக் குத்திப் பார்ப்போம்மா" என்றார் மாமா. "செங்கால் மரம்னா ஊசி இறங்காது. இறங்கிச்சுன்னா எவ்வளவு இறங்குதுன்னு விரல் வெச்சு அளந்து, சாக்பீஸ்ல மரத்து மேலயே எழுதிடுவோம். அடுத்த தடவை போறவன் அதைப் பார்த்துக்குவான்."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். எத்தனையோ அறிக்கைகளில் இல்லாத விஷயம் அந்தச் சாக்பீஸ் எழுத்தில் இருக்கிறது. போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு என்கிற ஒப்பீடு. ஒரு விரிசல் 3 மில்லிமீட்டர் என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் 3, இப்போதும் 3 என்றால் நிம்மதி. அன்றைக்கு 1, இன்றைக்கு 3 என்றால் அஸ்திவாரத்தைப் பார்க்க ஆள் கூப்பிட வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் விக்டோரியா மணிக்கூண்டு. ராணி அரியணை ஏறி 60 ஆண்டு நிறைந்ததற்காகச் சியா சென் இயோக் என்ற செல்வந்தர் கட்டிக் கொடுத்தது. ஆண்டுக்கு ஓரடி வீதம் 60 அடி உயரம். இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் குண்டு விழுந்ததால் லேசாகச் சாய்ந்துவிட்டது என்கிறார்கள். கண்ணுக்கே தெரிகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது ஒரு போட்டோ. என்னைப் போன்றவர்களுக்கு, அந்தச் சாய்வு நின்றுவிட்டதா, இன்னும் நடக்கிறதா என்பதுதான் கேள்வி. தூக்குநூல் குண்டோ, சாய்வு அளக்கும் கருவியோ வைத்து, குறிப்பிட்ட இடைவெளியில், அதே புள்ளியில் அளந்தால்தான் பதில் கிடைக்கும்.

கார்ன்வாலிஸ் கோட்டையைச் சுற்றி ஒரு காலத்தில் அகழி இருந்தது. மலேரியா பயத்தால் 1920களில் மண் போட்டு மூடிவிட்டார்கள். அண்மை ஆண்டுகளில் அகழாய்வு செய்து, அதைத் திரும்ப வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். அகழி இருந்தவரை கோட்டைச் சுவரின் அடியில் தண்ணீர் எப்படி நின்றது, மூடிய பிறகு எப்படி நின்றது, திறந்த பிறகு எப்படி நிற்கும் என்று யோசித்தாலே ஒரு சுவரின் வரலாறு தெரியும். ஈர அளவுகளை எடுக்கும்போது பக்கத்தில் நிலம் எப்போது மாறியது என்பதையும் எழுதி வையுங்கள் என்று நான் எல்லாரையும் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

வெயில் ஏறியதும் ஃபார்குவார் சாலைக்குப் போனோம். செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1818. ராபர்ட் ஸ்மித் என்ற ராணுவ அதிகாரியின் வடிவமைப்பு, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு. அந்தத் தூண்களுக்கு முன்னால் நிற்கும்போது அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. செங்கல் சுமந்தவர்களின் பேர் எந்தப் பலகையிலும் இல்லை.

தேவாலயத்தின் கூரையில் ஒரு பாடம் இருக்கிறது. முதலில் கட்டியபோது தட்டைக் கூரை. இந்த ஊர் மழைக்கு அது சரிப்படவில்லை. 1864இல் அதை எடுத்துவிட்டுச் சரிவுக் கூரை போட்டார்கள். இன்று நாம் பாதுகாப்பது அந்த 1864 வடிவத்தைத்தான். முதல் வடிவம்தான் உண்மையானது, பிறகு சேர்த்ததெல்லாம் கறை என்று சிலர் பிடிவாதமாகப் பேசுவார்கள். அப்படிப் பார்த்தால் இந்தக் கூரையையும் பிரிக்க வேண்டியிருக்கும். கட்டடத்தைக் காப்பாற்றிய மாற்றமும் அதன் மரபில் சேர்ந்ததுதான்.

அதே சாலையில் மாநில அருங்காட்சியகத்தின் கட்டடம். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலாக இருந்தது. போரில் குண்டு விழுந்து ஒரு பாதி போய்விட்டது, மிச்சப் பாதிதான் நிற்கிறது. கால் வலித்ததால் வெளியிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

ஞாயிறு

குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயிலில் காலைப் பூஜை. 1833இல் எழுந்த கோயில். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1801. நம் ஆட்கள் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த வேகத்தை இந்த இரண்டு வருஷங்களே சொல்லும்.

கோயிலில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருப்பணி, கும்பாபிஷேகம் என்பது நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பராமரிப்புச் சுழற்சி. தேதி தெரியும், நன்கொடை வரும், கமிட்டி உட்காரும். எந்த அரசுக் கட்டடத்துக்கும் இப்படி நிச்சயமான ஏற்பாடு கிடையாது. ஆனால் மனசு வலிக்கும் பக்கமும் இருக்கிறது. திருப்பணி என்றாலே பழையதை மறைப்பது என்று ஆகிவிட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புச் சுவரில் டைல்ஸ் ஒட்டுவது, சுதைச் சிற்பத்துக்கு எனாமல் பெயிண்ட் அடிப்பது, பழைய தரையைப் பெயர்த்து கிரானைட் போடுவது. பக்தியோடுதான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திருப்பணிக் கமிட்டியில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுவதற்கு ஆறு மாதம் முன்னால் ஒரு கட்டட ஆய்வாளரைக் கூப்பிட்டு, எது நன்றாக இருக்கிறது என்று ஒரு பட்டியல் வாங்குங்கள். கெட்டதன் பட்டியலைவிட அது முக்கியம். நன்றாக இருப்பதைத் தொடாமல் விட்டாலே பாதிப் பணம் மிஞ்சும்.

மத்தியானம், மாமாவோடு வேலை செய்த ஒரு கொத்தனார் அண்ணன் வீட்டுக்குப் போனோம். பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் நீற்றிய சுண்ணாம்பு, மேலே ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். கரண்டியால் ஓரத்தை விலக்கி எடுத்துக் காட்டினார். பளிச்சென்ற வெள்ளை, கரண்டியைச் சாய்த்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. "இது மாசக்கணக்கா ஊறுது தங்கச்சி. காத்து படவே கூடாது, பட்டா கல்லாயிடும்." அதுதான் சுண்ணாம்பின் வேலையே. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றி, மணலோடு கலந்து பூசினால், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெதுவாக எடுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே மாறும். அப்படி மாறிய பிறகும் அதில் நுண்துளைகள் இருக்கும். ஈரம் உள்ளே வரும், வெயில் அடித்தால் வெளியே போகும்.

சிமென்ட் அப்படி விடாது. ஜார்ஜ் டவுனின் பழைய கட்டடங்கள் மென்மையான செங்கல்லில், சுண்ணாம்புக் கலவையில் கட்டியவை. தரையிலிருந்து ஈரம் ஒரு மீட்டர், சில இடங்களில் அதற்கு மேலும் ஏறும். கடலோரம் என்பதால் உப்பும் சேர்ந்து வரும். மேலே சிமென்ட் பூசி, அதற்கு மேல் தண்ணீர் புகாத பெயிண்ட் அடித்துவிட்டால், ஈரத்துக்குப் போக வழியில்லை. பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகிப் பெருத்து, செங்கல்லின் முகத்தையே உடைத்துத் தள்ளும். சாயந்திரம் ஒரு சந்தில், கடை முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில் நடக்கும்போது சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். முழங்கால் உயரத்தில் ‘டக் டக்’ என்ற சத்தம் திடீரென்று ‘டொப்’ என்று மாறியது. பூச்சு சுவரை விட்டுவிட்டது. பக்கத்திலேயே பெயிண்ட் கொப்பளித்திருந்தது. ஒரு கொப்பளம் தானாகவே உடைந்து, உள்ளே பஞ்சு போல உப்பு. அதற்குக் கீழே செங்கல், தொட்டால் சிவப்புப் பொடியாகக் கையில் வருகிறது. தெருவின் தார் மட்டம் பல வருஷங்களில் ஏறி ஏறி, அந்தச் சுவரின் அடியே தெருவுக்குக் கீழே போயிருந்தது. சிமென்ட் பூசியவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இன்னொரு தொழில் விஷயம். ஈரம் காட்டும் கையடக்க மீட்டரை இந்த மாதிரிச் சுவரில் வைத்தால் எண் தாறுமாறாக ஏறும். மின்தடையை அளக்கும் கருவி, உப்பு இருந்தாலே ஏமாந்துவிடும். அதை மட்டும் நம்பி ‘ஈரம் அதிகம், அதைத் தடுக்கச் சுவருக்குள் உடனே ரசாயன ஊசி போடவேண்டும்’ என்று எழுதப்பட்ட அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். சுவரில் துளையிட்டு மாதிரி எடுத்து, எடை போட்டு, உலர்த்தி, மறுபடி எடை போட்டுப் பார்த்தால்தான் ஈரம் உண்மையில் எவ்வளவு என்று தெரியும். பெரும் செலவு இல்லை. பொறுமைதான் வேண்டும்.

அவர் வீட்டிலிருந்து நாங்கள் கிளம்பும்போது கொத்தனார் அண்ணன் மதராஸ் சுண்ணாம்பைப் பற்றிப் பேசினார். கிளிஞ்சல் சுண்ணாம்போடு கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, பளிங்கு போலத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை. அவருடைய தாத்தா செய்வாராம். அவர் பையன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டான். தொட்டியை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பாதுகாப்புத் திட்டம் போடுகிற அலுவலகங்கள் இந்த மாதிரி ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்து, இளம் பிள்ளைகளை அவர்களோடு சேர்த்துவிட வேண்டும். வேலை தெரிந்த கை இல்லாவிட்டால் எந்த வழிகாட்டிக் கையேடும் சுவரில் ஒட்டாது.

திங்கள்

சஃபோக் ஹவுஸ். மாமா வீட்டிலிருந்து பக்கம்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஜார்ஜியன் என்ற பழைய ஆங்கிலேயப் பாணியில் அமைந்த பெரிய மாளிகை. பிறகு மெதடிஸ்ட் பள்ளியின் கைக்கு வந்தது. 1975இல் பாதுகாப்பில்லை என்று உபயோகத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு காலியாகக் கிடந்த வருஷங்களில்தான் பெரும் சேதம். கூரை போயிற்று, மாடி போயிற்று, செடி முளைத்தது. 2000களில் பெரிய முயற்சி எடுத்துத் திரும்ப எழுப்பினார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. செய்தவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம், அவ்வளவு நேர்த்தியான வேலை. ஆனாலும் மேல்மாடத்தில் நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் காலியான வருஷங்களில் கூரைக்கு ஓடு மாற்றவும் கால்வாய் சுத்தம் பண்ணவும் ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்திருந்தால், இத்தனையும் புதிதாகச் செய்யவேண்டி வந்திருக்காது. மறுசீரமைப்புக்குப் பணம் கிடைக்கிறது, திறப்பு விழா நடக்கிறது. வருஷாவருஷம் ஏணி போட்டு ஏறிப் பார்ப்பதற்குத்தான் கிடைக்கமாட்டேன் என்கிறது.

இனி அறிக்கை விஷயம். மாமாவுக்கு இதில் அக்கறை இல்லை, சாப்பிடப் போய்விட்டார். எனக்கு இதுதான் உயிர்.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2005 தேசிய மரபுச் சட்டம், அதற்குக் கீழே மரபுத் துறை. பொதுப்பணித் துறை 2013இல் கட்டட நிலை மதிப்பீட்டுக்கு வழிகாட்டி வெளியிட்டது. மரபுக் கட்டடத்தில் கை வைப்பதற்கு முன் சேத ஆய்வும் அளவு வரைபடமும் எடுக்கிறார்கள். பினாங்கு மாநிலத்துக்குத் தனி மரபுச் சட்டமும் உண்டு, 2011. ஆக, முறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆய்வாளர்கள் பலர் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று சிஎஸ்பி1 (கண்டிஷன் சர்வே புரோட்டோகால் 1). ஒவ்வொரு குறைக்கும் நிலைக்கு 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண், அவசரத்துக்கு 1 முதல் 4 வரை ஒன்று. இரண்டையும் பெருக்கினால் 4 வரை பச்சை, 5 முதல் 12 மஞ்சள், 13 முதல் 20 சிவப்பு. எளிமையானது, புதியவர்களும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். கடைசியில் எல்லா மதிப்பெண்களையும் கூட்டி, குறைகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கட்டடத்துக்கே ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். என் கவலை இந்த இடத்தில்தான். ஒரு கட்டடத்தில் 2 மதிப்பெண் பெறும் சின்னக் குறைகள் 30, கூரைச் சட்டத்தில் 20 மதிப்பெண் பெறும் ஆபத்தான குறைகள் 2 என்று வையுங்கள். மொத்தம் 100, வகுத்தால் 3 சொச்சம். பச்சை! அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் படிக்கும் மேலதிகாரி ‘நல்ல நிலை’ என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். அதிலும் ஆய்வாளர் எவ்வளவு அக்கறையாகச் சின்னச் சின்ன விரிசலை எல்லாம் எழுதுகிறாரோ, அவ்வளவுக்குச் சராசரி நல்லதாகிக்கொண்டே போகும். அதனால் முதல் பக்கத்தில் சராசரிக்கு மேலே, பெரிய எழுத்தில், சிவப்புக் குறைகளின் எண்ணிக்கையும் இடமும் வரவேண்டும். முறையை மாற்றத் தேவையில்லை, பக்கத்தை மாற்றினால் போதும்.

கோலாலம்பூரில் நான் பார்க்கும் ஒரு பழைய அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) மூன்று ஆய்வு அறிக்கைகள் இருக்கின்றன. மூன்றும் வேறு வேறு நிறுவனங்கள் செய்தவை. முதல் அறிக்கையில் அறை எண் 12, இரண்டாவதில் அதே அறை ‘மேற்குக் கூடம்’, மூன்றாவதில் பி-4. குறைக்குப் போட்டோ இருக்கிறது, எந்தப் பக்கம் நின்று எடுத்தது என்று இல்லை. மூன்றுக்கும் பணம் கொடுத்தாயிற்று, ஆனால் ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்க்க முடியாது. கூரை மோசமாகிறதா என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். மாமாவின் சாக்பீஸ் எழுத்து அந்த உத்திரத்திலேயே இருந்தது, அடுத்து போனவர் கண்ணில் பட்டது.

செவ்வாய், ரயிலில்

ஈப்போ தாண்டியாயிற்று. மாமா கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலம் காலி.

வரும் ஆய்வில் செய்யப்போவதை எழுதி முடித்துவிட்டேன். அறைகளுக்கும் உத்திரங்களுக்கும் தூண்களுக்கும் நிரந்தர எண். அதை வரைபடத்தில் மட்டும் வைக்காமல், கூரைக்கு அடியில் கண்ணில் படாத இடத்தில் சின்னப் பித்தளைத் தகடாக, பழைய மரத்தில் புதுத் துளை போடாமல் கட்டிவிடுவது. யார் ஆய்வுக்கு வந்தாலும் அந்த எண்ணையே பயன்படுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. போட்டோ எடுக்கும் இடங்களைத் தரையில் குறித்து, ஒவ்வொரு தடவையும் அங்கே நின்றே எடுப்பது. பெருமழைக்குப் பிறகு, முறை ஆய்வுக்குக் காத்திராமல், அரை நாள் சுற்றிப் பார்ப்பது. 2017 நவம்பரில் பினாங்கை அடித்த புயல்மழைக்கு அடுத்த நாள் துறையில் எல்லாரும் ஏணியோடு ஓடியதை மாமா சொன்னார். அப்படி ஓடுவதற்கும் ஒரு படிவம் முன்கூட்டியே தயாராக இருந்தால் நல்லது.

பணத்துக்குத்தான் வழி பிறக்க வேண்டும். பராமரிப்புத் தலைப்பில் கேட்டால் வெட்டிவிடுகிறார்கள். ஆகவே அடுத்த மறுசீரமைப்புத் திட்டத்தின் மொத்தச் செலவிலேயே, வேலை முடிந்த பிறகு பத்து வருஷத்துக்கான ஆய்வும் கால்வாய் சுத்தமும் சேர்த்துக் கேட்கப் போகிறேன். திறப்பு விழாவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் அதற்கும் சேர்த்தே போடட்டும். மனுவின் முதல் பக்கம் தயார். அக்டோபர் மழைக்கு முன்னால் என் பொறுப்பிலிருக்கும் கட்டடங்களின் இறங்கு குழாய்களைத் திறந்து பார்க்க இரண்டு ஆளும் ஒரு ஏணியும் கேட்டு எழுதிய தனிக் கடிதம், நாளைக் காலை மேசைக்குப் போகிறது.